பாஸ்க் பெயர் ஒன்று இரண்டான கதை

கோலியர்ஸ் வுட்டில் மூன்று பேர் நடத்தி மூன்று பேரும் கைகழுவிய கடையை எடுத்து நிமிர்த்தியவன் நான். கூரை ஒழுகிய இடத்தில் வாளியை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்றே அரிசி விற்றேன். தென் லண்டனில் முருங்கைக்காய் வாடாமல் கிழமைக்கு இரண்டு தரம் வந்து இறங்குகிறதென்றால், அதற்கு விடியற்காலைக் குளிரில் விமானச் சரக்குக் கொட்டகை வாசலில் நின்று வழி திறந்தவன் நான்தான். பிறகு இல்ஃபோர்டில் ஒரு கடை, கிங்ஸ்பரியில் ஒரு கடை. கோயில் மடைப்பள்ளிக்குப் பெரிய அடுப்பு இல்லையென்று எல்லோரும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மூடிப்போன பீட்சாக் கடையொன்றிலிருந்து அடுப்பைக் கழற்றி வந்து பொருத்தியதும் நான். இவ்வளவையும் ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பையும், பாரிசில் கோப்பை கழுவிக் கற்ற பிரெஞ்சையும், லண்டனில் சாமான் வாங்க வந்தவர்களிடம் கற்ற ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு செய்தேன். முதன்முதலில் நான் போன வங்கியில் என்னை உட்காரச் சொல்லவே இல்லை. இப்போது அந்த வங்கிக் கிளை இல்லை. என் கடை இருக்கிறது.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. பிரிட்டன் முழுவதிலும் ஒரே ஒருவர் வைத்திருந்த குடும்பப் பெயரை இரண்டு பேருடையதாக ஆக்கியதும் நான்தான்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது; அதில் பெயர் இருக்கிறது, ஊர் எங்கே என்ற அடையாளம் இல்லை. நான் அடையாளத்தைச் சொல்லப்போகிறேன், ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் முன்பின் தெரியாதவர்கள் மலையேறிப் போய் ஒரு பாவப்பட்ட மனுசியின் கதவைத் தட்டுவார்கள். அவளுக்கு அது போதும் போதுமென்று ஆகிவிட்டது. முதலில் தட்டியவன் என்னுடைய ஆள் என்பதால் எனக்கு அந்தப் பொறுப்பு உண்டு. அவளுடைய பெயரையே மறைக்கும்போது மற்றவர்களுடைய பெயரை மட்டும் எழுதுவது முறையில்லை. என்னுடையதும் அப்படியே.

பெயரின் சொந்தக்காரர் ஒரு பாஸ்க்காரர். ஸ்பெயினும் பிரான்சும் முட்டுகிற மூலையில், மலையும் கடலுமாக இருக்கிறது அவர்களுடைய நாடு. அவர்களுக்கென்று தனி மொழி, ஆனால் உலக நாடுகளின் சபையில் தனிக் கொடியோடு ஓர் ஆசனம் இல்லை. இதை அவர் சொன்னபோது, விளக்கம் தேவையில்லை, மேலே சொல்லுங்கள் என்றேன்.

அவர் என் கடைக்கு வந்தது கருவாட்டுக்காக. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ இருக்கும். வெள்ளைக்காரர் எவரும் கருவாட்டு மூலைப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இந்த மனிதர் எழுபது தாண்டியவர், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டாக் கருவாட்டுக்கு மேலே குனிந்து பூ மணப்பதுபோல மணந்தார். எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டார். நாளா, சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவிப் பொரித்தால் சரி என்றேன். உனக்குச் சமையல் தெரியாது என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை அதே கருவாட்டை ஊறவைத்து, சிவப்பு மிளகாய்ச் சாற்றில் வேகவைத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டு வந்தார். மிளகாய் என்று பெயர்தான், காரம் இல்லை. என் மனைவி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "பாவம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு," என்றாள். அவர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மிகவும் நன்றாக இருக்கிறதாம் என்றேன். அன்றைக்கே சிநேகிதம் பிடித்துக்கொண்டது. அவர் என்னை 'பொஸ்', அதாவது முதலாளி, என்று கூப்பிடுவார்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஆறு வயதில், அவர்கள் நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கப்பல் நிறையப் பிள்ளைகளை ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்களாம். அதில் ஒரு பிள்ளை அவர். தகப்பன் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. தாய் அடுத்த குளிரில் இறந்தாள். பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை. கப்பலில் அவர் வாந்தியெடுத்த கதையைச் சொன்னால், நான் லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடந்து எல்லை தாண்டிய கதையைச் சொல்வேன். யாருடைய பயணம் மோசமானது என்று பல சனிக்கிழமைகள் போட்டி போட்டிருக்கிறோம். வென்றது நான்.

ஒரு சனிக்கிழமை அவர் தன் பேத்தியுடன் வந்தார். மகளின் மகள், அவரோடுதான் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். பச்சை மாங்காய் கேட்டாள். கேட்க முதலே எடுத்து வைத்துவிட்டேன். இருவரும் வரும்போதே சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள், அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்று அதைத் தொடர்ந்தார்கள். என் கடையில் நடக்கிற சண்டையில் எனக்கு உரிமை உண்டு என்பதால் என்ன விஷயம் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். பேத்திக்கு இருந்தது அவளை விட்டுவிட்டுப் போன தகப்பனின் குடும்பப் பெயர். அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. தன்னை வளர்த்தது தாத்தாதான், ஆகவே பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரைக் கொடுப்பேன் என்றாள். இந்த நாட்டில் அதற்குத் தடையில்லை. தடை தாத்தாதான்.

அவர் ஏன் மறித்தார் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. நூலகத்தில் மாதாமாதம் கூடுகிற ஒரு சங்கம் உண்டு, தங்கள் தங்கள் பூர்வீகத்தைத் தேடுகிறவர்களின் சங்கம். அதற்குச் செயலாளர் பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. நல்ல மனுசி, என்னிடம் மசாலாத் தூள் வாங்குவாள். அவள் பெரியவருக்காகக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்காகத் தேடினாள். பிரிட்டனில் அந்தப் பெயருள்ளவர் ஒரே ஒருவர், அது இவரேதான். ஸ்பெயின் தொலைபேசிப் புத்தகங்களில் ஒருவரும் இல்லை. பாஸ்க் பெயர்களைத் தொகுத்த புத்தகத்தில் இல்லை. தென் அமெரிக்காவில் ஒரு கல்லறையில் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே இருந்தவரிடம் விசாரிக்க வழியில்லை. பெரியவர் பிறந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவுகள் போரில் எரிந்துவிட்டன. கடைசியில் சங்கத்தில் எவரோ ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே, அந்தக் குழப்பத்தில் பிள்ளைகளுக்குக் கண்டபாட்டுக்குப் பெயர் வைத்திருப்பார்கள், இது பெயரே இல்லாமல்கூட இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு பெரியவருக்குள் முள்ளாகப் போய்விட்டது. அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சுமந்த பெயர், சம்பளம் வாங்கிய பெயர், கல்யாணம் செய்த பெயர், மனைவியின் கல்லறையில் வெட்டிய பெயர். அது எவரோ ஒருவர் அவசரத்தில் ஒட்டிய துண்டுதானா என்று தெரியாமல் ஒரு பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். "எங்கிருந்து வந்தது என்று எழுதாத பெட்டியை நீ கடையில் வாங்குவாயா, பொஸ்?" என்று என்னிடம் கேட்டார். வாங்கியிருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து பதிவு செய்யும் நாளுக்குள் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் பெயர் தன்னோடு முடியட்டும் என்பது அவருடைய முடிவு.

எனக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. காரணம், குடும்பப் பெயர் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். என் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இருப்பது என் பெயர். என் மனைவியை இந்த நாட்டு டொக்டர் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நானே எழும்பிப் போய்விடுவதும் உண்டு. ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பப் பெயரோடு சமாதானமாக இருக்கிறோம். எங்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப் பெயர் ஒருமுறை செத்துப் புதிதாகப் பிறக்கிறது, அதற்காக ஒருவரும் அழுததில்லை. ஆகவே பெரியவரிடம் சொன்னேன்: இது உம்முடைய அப்பாவின் பெயர். ஊரில் போய், இன்னாருடைய வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் எதற்கு?

அவர் தலையை ஆட்டினார். தன் அப்பாவுக்கு வேறு பெயர் என்றார், அந்தப் பெயரையும் சொன்னார். நான் வாதாடவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பா என்பதைவிட அப்பாவின் பெயர் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்கே அவரை அரிசி மூட்டையில் இருத்தி விசாரித்தேன். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரையா கேட்பார்கள்? எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, கோயிலுக்கு முன்னாலா பின்னாலா. இந்த வரிசையில் நாலு கேள்வி போட்டால் ஆள் கையில். பெரியவருக்கு ஊரின் பெயர் தெரியும், ஆற்றோரத்துச் சிறு பட்டணம். வீடு பட்டணத்தில் இல்லை, மேலே மலையில் என்றார். எந்தப் பாதை என்று கேட்டால் தெரியாது. கோயில் ஏதும் வழியில் உண்டா என்றேன். யோசித்து, மழை வந்தால் எல்லோரும் ஒதுங்குகிற, மரத்தாழ்வாரம் வைத்த ஒரு சின்னக் கோயில் என்றார். பள்ளிக்கூடம் போகும்போது வெயில் எந்தக் கன்னத்தில் பட்டது என்று கேட்டேன். "இடது," என்றார் உடனே. சொல்லிவிட்டு இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. காலையில் இடது கன்னத்தில் வெயில் பட்டால் அவர் தெற்கே நடந்திருக்கிறார், அப்படியானால் வீடு பட்டணத்துக்கு வடக்கே. வடக்கு மலை, தாழ்வாரக் கோயில். ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும். அது எனக்குக் கஷ்டமில்லை. ஐரோப்பாவில் எங்கள் பெடியன் ஒருவன் வெங்காயம் வெட்டாத பட்டணம் இருக்கிறதா? பாரிசில் இருக்கிற மச்சானுக்கு ஃபோன் அடித்தேன். அவன் போர்தோவில் ஒரு ஆளைச் சொன்னான். அந்த ஆள், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் கடற்கரை ஹோட்டலொன்றில் சமையற்காரனாக இருக்கும் ஒருவனைச் சொன்னான். விசாரித்துப் பார்த்தால் அவனுடைய தாயும் என் மனைவியின் சித்தியும் ஒரே வகுப்பு. பிறகென்ன, சொந்தம்.

சமையற்காரன் முதலில் பிடிகொடுக்கவில்லை. "அண்ணை, நான் இஞ்சை உருளைக்கிழங்கு உரிக்க வந்தனான், ஆள் பிடிக்க வரேல்லை," என்றான். அவனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழி தெரியாது, பஸ் தெரியாது, லீவு நாளில் நித்திரை கொள்ள வேண்டும். நான் விடுவேனா? அவனுடைய ஹோட்டலுக்கு மீன் எப்படி வருகிறது என்று கேட்டேன். எல்லை தாண்டி வருகிற 'வான்' வண்டியில் என்றான். அந்த வான் திரும்பிப் போகும்போது வெறுமையாகத்தானே போகும் என்றேன். பிறகு, வான்காரன் பாஸ்க்காரன்தான், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். இப்படித்தான் வேலை வாங்க வேண்டும்.

என் மனைவி கல்லாவில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கடையில் விற்க வைத்திருந்த ஃபோன் கார்டுகளை நானே சுரண்டி அடித்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்கடை பெரியப்பாவின்ரை பேரப்பிள்ளையள் எங்கை இருக்கினம் எண்டு தெரியுமோ?"

"கனடாவிலை."

"கனடாவிலை எங்கை?"

எனக்குத் தெரியாது. "அது வேறை விஷயம்," என்றேன்.

"ஓம், வேறைதான். அவையள் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்து தரேல்லை," என்றாள்.

இதற்கிடையில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. பேத்தி அதற்கு முதற்பெயர் வைத்துக் கூப்பிடவும் தொடங்கிவிட்டாள். பதிவு அலுவலகத்தில் ஒரு வியாழக்கிழமை கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்திய திங்கட்கிழமைதான் சமையற்காரனுக்கு லீவு. நான் அவனுக்கு ஒரே ஒரு வசனத்தைத்தான் பாடமாக்கச் சொன்னேன். வான்காரனிடம் கேட்டு, 'இன்னாருடைய வீடு எங்கே?' என்பதை அவர்கள் மொழியில் மனப்பாடம் செய்துகொள். இன்னார் என்ற இடத்தில் இந்தப் பெயர். வேறு ஒன்றும் கேட்காதே. வான்காரன் சிரித்தானாம். ஏன் சிரித்தான் என்று இவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே பெரியவரைக் கடைக்கு வரச்சொல்லி ஒரு கதிரையில் இருத்திவிட்டேன். பேத்தியும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெரியவர் சவரம் செய்து, கோட்டும் போட்டு, வைத்தியரின் அறைக்கு வெளியே இருப்பவர்போல இருந்தார். வந்த சனமெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பருப்பு எடுத்தார்கள்.

மத்தியானம் மிஸ்ட் கோல் வந்தது. கார்டைச் சுரண்டி அடித்தேன்.

"அண்ணை, வேலை வலு சுகமா முடிஞ்சுது," என்றான். மூச்சு வாங்கியது. "சந்தையிலை ஒரு கிழவியிட்டைக் கேட்டன். எந்த இன்னார் எண்டு ஒரு கேள்வியும் இல்லை. கையை நீட்டி மலையைக் காட்டிப் போட்டா. வடக்காலைதான். தாழ்வாரக் கோயிலும் இருக்கு. ஏறி வந்திட்டன்."

கடையில் எல்லோருக்கும் கேட்க நான் சொன்னேன்: "பாத்தீரோ? அப்பாவின்ரை பேர் எண்டு சொன்னனான்."

"ஆனா அண்ணை, ஆள் இல்லை. ஒரு மனுசிதான் நிக்கிறா. அவர் எங்கை எண்டு கேட்டா வாசல் நிலையைத் தட்டித் தட்டிக் காட்டுறா."

"தட்டுறாவோ?"

"ஓம். கல்லு நிலை. அதைத் தட்டிப்போட்டு அந்தப் பேரைச் சொல்லுறா. பிறகு தன்ரை நெஞ்சைத் தட்டிப்போட்டும் அதே பேரைச் சொல்லுறா. எனக்கு விளங்கேல்லை. ஆப்பிள் கள்ளு தந்தவ. அதுவும் விளங்கேல்லை, ஆனா குடிச்சிட்டன்."

எனக்கு விளங்கிவிட்டதுபோல இருந்தது. ஆள் இறந்துவிட்டார், நிலைக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழும்பி வந்து என் கையிலிருந்து ரிசீவரை எடுத்துவிட்டார். அவ்வளவு மரியாதையான மனிதர் அதுவரை என் கடையில் ஒன்றையும் அப்படிப் பறித்ததில்லை.

முதலில் ஸ்பானிய மொழியில் பேசினார். தட்டுத்தடுமாறி, பழைய எஞ்சினைத் தொடக்குவதுபோல. அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கும் கேட்டது, மலைக்காற்றில் கத்திப் பேசுகிற ஒரு பெண்ணின் குரல். பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வாடிக்கையாளர் அம்மா, எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே நின்றாள். பிறகு பெரியவர் வேறொரு மொழியில், ஒவ்வொரு சொல்லாக, மூன்று நான்கு சொற்கள் சொன்னார். அவருடைய பேத்தி அந்த மொழியை அவர் வாயில் அதற்குமுன் கேட்டதில்லையாம்.

கார்டு முடியும்வரை பேசினார். ரிசீவரை வைத்துவிட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

அந்தப் பெயர் ஒரு ஆளின் பெயர் இல்லை. வீட்டின் பெயர். அந்த நாட்டில் மனிதர்களுக்கு வீடு பெயர் வைக்கிறது. அந்த மலையில் அந்தக் கல்வீடு நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு அந்தப் பெயர், அதில் பிறந்தவர்களுக்கும் அந்தப் பெயர். அங்கே இப்போது இருக்கும் மனுசி பெரியவருக்குச் சொந்தக்காரி இல்லை. போருக்குப் பிறகு வெறுமையாகக் கிடந்த வீட்டுக்குக் குத்தகைக்கு வந்த ஒருவரின் பேத்தி. தாள்களில் அவளுக்கு வேறு குடும்பப் பெயர், அதனால்தான் எந்தப் புத்தகத்திலும் சிக்கவில்லை. ஆனால் ஊரில் அவளை, அவள் புருஷனை, பிள்ளைகளை, நாயைக்கூட, இந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

"என் பெயர் எழுத்தில் மட்டும் இருக்கிறது, உங்கள் பெயர் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன்," என்றார் பெரியவர். "அவள் என்னைத் திட்டினாள். இந்த வீட்டில் பிறந்தாயா இல்லையா, பிறந்தாய் என்றால் நீயும் நாங்களும் அதுதான், இதில் எழுத்துக்கு என்ன வேலை என்று கேட்டாள்."

பிறகு கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். என் மனைவி கறிவேப்பிலை அம்மாவை அனுப்பிவிட்டு, கடை வாசலில் 'மூடப்பட்டது' அட்டையைத் திருப்பிப் போட்டாள். பட்டப்பகலில் என் கடை மூடியது அந்த ஒரு தரம்தான். என்னைக் கேட்காமல் செய்தாள்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்பதை வான்காரன் பிறகு சொல்லியனுப்பினான். பெரியவர் இரும்பு, வாள், கழுகு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருந்தார் போல. வந்தது: 'ஊற்றுக்குக் கீழே, வெயில் படாத பக்கம்.' அவ்வளவுதான். கொஞ்சம் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்திலும் கிணற்றடியார், புளியடியார் என்று குடும்பங்கள் உண்டு, அவர்கள் எல்லாம் தலை நிமிர்ந்துதான் நடக்கிறார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவைக்க எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் ஆட்கள் வெயில் நிழல் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அந்த அளவுக்கு உங்களுடையது உசத்தி என்றேன். நான் ஒருவரையும் என்னைவிட உசத்தி என்று லேசில் சொல்வதில்லை.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்திலிருந்து மூன்று பேரும் நேரே கடைக்கு வந்தார்கள். பேத்தி பதிவுத்தாளை விரித்துக் காட்டினாள். குழந்தையின் முதற்பெயருக்குப் பிறகு, ஊற்றுக்குக் கீழே, வெயில் படாத பக்கம். அங்கே எழுதிய பெண், இது எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டாளாம். பெரியவர் முந்திக்கொண்டு நாட்டைச் சொல்லாமல் மலையைச் சொன்னாராம், எந்தப் பாதையால் ஏற வேண்டும் என்பது வரைக்கும். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டதாம். நான் குழந்தையின் வாயில் ஒரு துளி சீனித்தண்ணீர் வைக்கப் போக, பேத்தி மறித்துவிட்டாள். இந்த நாட்டில் அது கூடாதாம். சரி என்று அதை நானே குடித்தேன்.

இதுவரை சந்தோஷம். இனி என் வழக்கு.

அடுத்த ஆண்டு சங்கம் அந்தப் புத்தகத்தை அச்சடித்தது. மெல்லியது, ஆனால் தாள் நல்ல தாள். அந்தக் குடும்பப் பெயரின் தோற்றமும் பரம்பலும் என்று தலைப்பு. வீடு எப்படிப் பெயர் வைக்கிறது, ஊற்றுக்கு எந்தப் பக்கம் வீடு, குத்தகைக்காரர் எப்போது வந்தார் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நன்றி. நூலகத்துக்கு நன்றி. கம்ப்யூட்டர் பார்க்கத் தந்தவர்களுக்கு நன்றி. தேசப்படம் இரவல் கொடுத்த ஒருவருக்கு நன்றி. அந்தப் படத்தில் அந்த வீடு இல்லை என்பது அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறது. என்னைப் பற்றி உள்ளே ஒரு இடத்தில் வருகிறது: வீடு 'உள்ளூர்த் தொடர்புகள் வழியே, தற்செயலாக'க் கண்டுபிடிக்கப்பட்டது.

செயலாளர் அம்மா எழுதுமுன் என்னிடம் வந்து கேட்டது உண்மை. ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னீர்கள் என்றாள். உள்ளதைச் சொன்னேன்: அது அப்பாவின் பெயர் என்று நினைத்தேன். அதை வைத்துக்கொண்டு தற்செயல் என்று எழுதிவிட்டாள். பெரியவர் எனக்காகப் பேசியிருக்கிறார், சண்டையே பிடித்திருக்கிறார். தவறாக நினைத்துச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கு வேறு சொல் என்ன என்று அவள் அவரைக் கேட்டிருக்கிறாள்.

நான் சொல்கிறேன். அவர்கள் எல்லோரும் சரியாக நினைத்தார்கள். இந்தப் பெயருடைய ஆட்கள் எங்கே என்று சரியாகக் கேட்டார்கள், ஒருவரும் இல்லை என்று சரியான பதில் வந்தது. இன்னாருடைய வீடு எது என்று கேட்டவன் நான் ஒருவன்தான். தற்செயல் என்றால், அது வெயில் எந்தக் கன்னத்தில் பட்டது என்று விசாரிக்குமா? மீன் வான் வெறுமையாகத் திரும்புவதை யோசிக்குமா? லீவு நாளில் படுத்துக் கிடக்கிறவனை மலையில் ஏற்றுமா?

புத்தகம் விற்று முடிந்துவிட்டது, திரும்ப அடிக்கப் போகிறார்கள் என்று கேள்வி. ஆகவே என் கோரிக்கையை இங்கே பகிரங்கமாக வைக்கிறேன். 'தற்செயலாக' என்ற சொல்லை எடுக்க வேண்டும். கல்லாவைப் பார்த்துக்கொண்டதற்காகவும் அட்டையைத் திருப்பிப் போட்டதற்காகவும் என் மனைவியின் பெயரைப் போட வேண்டும். இது அவள் சொல்லி நான் எழுதுவது. மலையேறிய சமையற்காரனின் பெயரைப் போட வேண்டும், ஆப்பிள் கள் விஷயத்தை விட்டுவிடலாம். அவர்கள் எல்லோருக்கும் மேலே என் பெயர் வர வேண்டும். பிரிட்டனில் இந்தப் பெயருள்ளவர்கள் இரண்டு பேர் என்று அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். முதலாமவர் கப்பலில் வந்தவர், அதில் எனக்குப் பங்கில்லை. இரண்டாவது ஆள் என்னால் வந்தவள். அதை எழுதட்டும்.